பன்னிரண்டா, இருபத்து நான்கா?
வின்ச் விற்பவரும் வாங்குபவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

அரியமங்கலத்துக் கடைக்காரர்களுக்கு லாரியைப் பற்றிப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கம் பால்பண்ணை ரவுண்டானா, மறு பக்கம் துவாக்குடி நோக்கிச் செல்லும் தஞ்சாவூர் சாலை, அருகிலேயே பொன்மலை ரயில்வே பணிமனை. காந்தி மார்க்கெட்டுக்குச் சரக்கு கொண்டு வரும் வண்டிகளும், புறவழிச் சாலையில் விரையும் வண்டிகளும் நம் கண் முன்னேதான் போய் வருகின்றன. வண்டி நிற்கும் இடத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, பேட்டரிக் கடை, ஒயரிங் வேலை, லேத் பட்டறை எல்லாம் தாமாகவே வந்து சேரும். நம் உறுப்பினர்களில் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். வேறு தொழில் செய்வோரில் பலர் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த இரு தரப்பினருக்கும் பயன்படும் ஒரு சரக்கைப் பற்றி இக்கட்டுரையில் எழுதுகிறோம். அதுதான் எலக்ட்ரிக் வின்ச். வண்டியின் சேசிஸில் முன்பக்கமோ பின்பக்கமோ பொருத்தப்படும் ஒரு மோட்டார், ஒரு கியர் பெட்டி, ஓர் உருளை, உருளையில் சுற்றிய வயர் ரோப். கொக்கியை ஒரு மரத்திலோ சிக்கிய வண்டியிலோ மாட்டிப் பட்டனை அழுத்தினால், பேட்டரி மின்சாரத்தில் உருளை சுழன்று ரோப்பை இழுக்கும். பத்து ஆள் தள்ளியும் அசையாத வண்டியை ஓர் ஆள் வெளியே எடுத்துவிடலாம்.

வின்ச் வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை டன் இழுக்கும்?" இரண்டாவது கேள்வி, "என்ன விலை?" மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வியைப் பெரும்பாலும் வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் கேட்பதில்லை. "வண்டி எத்தனை வோல்ட்?" என்பதே அது. உண்மையில் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மற்ற இரண்டிலும் தவறு நேர்ந்தால் கொஞ்சம் பணம்தான் நஷ்டம். இதில் தவறு நேர்ந்தால் மோட்டார் எரியும், பேட்டரி கெடும், வண்டியே தீப்பிடிக்கவும் கூடும்.

வின்ச் யாருக்குத் தேவை?

ஊர் ஊராகக் காடு மலை சுற்றும் ஜீப் பிரியர்களுக்கு மட்டுமே வின்ச் என்று நினைக்க வேண்டாம். பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் விளைபொருள் ஏற்றி இறக்கும் ஜீப்காரர்கள், அரியலூர், பெரம்பலூர் கரிசல் மண்ணில் மழைக்காலத்தில் சிக்கிக்கொள்ளும் வண்டிக்காரர்கள், லால்குடி பக்கம் வயல் வரப்புகளில் நெல் மூட்டை ஏற்றுவோர், நெடுஞ்சாலையில் பழுதான காரைத் தூக்கிச் செல்லும் மீட்பு வண்டி வைத்திருப்போர் ஆகிய அனைவருக்கும் இது பயன்படும் சாதனம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டையிலும் சாலைகளின் குறுக்கே மரங்கள் விழுந்து கிடந்ததை நாம் அறிவோம். இழுத்து அப்புறப்படுத்தும் சாதனத்தின் அருமை அத்தகைய நாட்களில்தான் தெரியும்.

ஆகவே நம் கடைகளுக்கு வரும் வின்ச் வாடிக்கையாளர் ஒரே வகையினர் அல்லர். ஒருவர் ஜீப் வைத்திருப்பார், ஒருவர் பெரிய லாரி, ஒருவர் டிராக்டர். வோல்ட் குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

இரண்டு வோல்ட் ஏன் வந்தது?

ஈய அமில பேட்டரியின் ஓர் அறை சுமார் 2 வோல்ட் தரும். ஆறு அறைகள் சேர்ந்தால் 12 வோல்ட் பேட்டரி. பழைய கார்களில் மூன்று அறைகள் கொண்ட 6 வோல்ட் பேட்டரிதான் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பெயர் பெற்ற வில்லிஸ் ஜீப்பும் 6 வோல்ட் வண்டியே. இன்ஜின்கள் பெரிதாகப் பெரிதாக, செல்ஃப் மோட்டாரைச் சுழற்ற 6 வோல்ட் போதவில்லை. 1950களில் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. வயர்லெஸ் கருவிகளையும் சேர்த்து இயக்க வேண்டியிருந்ததால், அமெரிக்க ராணுவம் 1950ல் வந்த எம்-38 ஜீப்பில் 24 வோல்ட்டையே வைத்தது. பெரிய டீசல் இன்ஜினைக் கிளப்ப வேண்டிய லாரிகளும் பஸ்களும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கிக்கொண்டன.

இன்றும் நிலைமை அதுவே. மகிந்திரா ஜீப், பொலிரோ, தார், போர்ஸ் கூர்க்கா, டாடா ஏஸ் போன்றவை 12 வோல்ட். டிராக்டரும் 12 வோல்ட். அசோக் லேலண்ட், டாடா ஆகியவற்றின் கனரக லாரிகள் 24 வோல்ட். இடைப்பட்ட லாரிகளில்தான் கவனம் தேவை. அவற்றில் 12ம் உண்டு, 24ம் உண்டு. ராணுவத்திலிருந்து ஏலத்தில் வந்த ஜீப்பிலும் 24 வோல்ட் இருக்கலாம். அதே ஜீப்பைப் பின்னால் யாராவது 12 வோல்ட்டுக்கு மாற்றியும் இருக்கலாம். பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல், பேட்டரியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

எது பலசாலி?

"24 வோல்ட் வின்ச் 12 வோல்ட் வின்ச்சைவிட இரு மடங்கு இழுக்கும்" என்ற எண்ணம் சிலரிடம் இருக்கிறது. இது சரியல்ல. பெட்டியின் மீது 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ என்று போட்டிருந்தால், 12 வோல்ட் மாடலும் 24 வோல்ட் மாடலும் அதே 4,300 கிலோவைத்தான் இழுக்கும். வேறுபாடு இழுவைச் சக்தியில் இல்லை, அந்தச் சக்தியைப் பெற எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதில் இருக்கிறது.

மின்சாரத்தின் சக்தி என்பது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி வருவது. மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீருடன் ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். அழுத்தம் பாதியானால், அதே வேலைக்கு இரு மடங்கு தண்ணீர் ஓட வேண்டும். இரு மடங்கு ஓட வேண்டுமானால் குழாயும் பெரிதாக இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் 9,500 பவுண்டு வின்ச் முழுப் பாரத்தில் ஏறத்தாழ 400 ஆம்பியர் இழுக்கும். 24 வோல்ட்டில் அதே வேலைக்கு ஏறத்தாழ 200 ஆம்பியர் போதும். நம் வீட்டில் கிரைண்டர் மாட்டும் பெரிய பிளக் 15 அல்லது 16 ஆம்பியருக்கு உரியது என்பதை நினைத்துப் பார்த்தால் 400 ஆம்பியரின் அளவு புரியும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. இதையும் அளந்து பார்ப்போம். 35 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் அரை மில்லி ஓம் தடை உண்டு. ஜீப்பில் பேட்டரியிலிருந்து முன் பம்பருக்கு 2 மீட்டர் தூரம் என்று கொள்வோம். போக வர 4 மீட்டர், தடை 2 மில்லி ஓம். 400 ஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அதே 12 வோல்ட் வின்ச்சை மீட்பு வண்டியின் பின்பக்கம் மாட்டினால்? பேட்டரியிலிருந்து 6 மீட்டர், போக வர 12 மீட்டர், தடை 6 மில்லி ஓம். இப்போது 2.4 வோல்ட் வழியிலேயே போகிறது. பேட்டரியின் சொந்த இறக்கத்தைச் சேர்க்காமலேயே மோட்டாருக்குக் கிடைப்பது 9.6 வோல்ட்தான். போன அந்த 2.4 வோல்ட், 400 ஆம்பியரில் 960 வாட் சூடாக மாறுகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டியை கேபிள் நெடுகப் பரப்பி வைத்ததற்குச் சமம். இதே கேபிளில் 24 வோல்ட் வின்ச் ஓடினால் 200 ஆம்பியரில் 1.2 வோல்ட்தான் குறையும், சூடு 240 வாட். கரண்ட் பாதியானால் சூடு நான்கில் ஒரு பங்காகிறது. 24 வோல்ட்டின் உண்மையான லாபம் இதுதான். தூரம் கூடக் கூட அந்த லாபமும் கூடும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 24 வோல்ட்டில் பேட்டரியின் செலவு மிச்சமாவதில்லை. அங்கே இரண்டு பேட்டரிகள் சேர்ந்து சுமக்கின்றன, அவ்வளவுதான். 12 வோல்ட்டில் ஒரு நிமிடம் 400 ஆம்பியர் இழுத்தால் சுமார் 6.7 ஆம்பியர் மணி செலவாகிறது. இன்ஜின் ஓடும்போது வண்டியின் சொந்தத் தேவை போக ஆல்டர்னேட்டரில் 40 ஆம்பியர் மீதமிருந்தால், அந்த ஒரு நிமிட இழுப்பை ஈடு செய்யக் குறைந்தது பத்து நிமிடம் ஆகும். இன்ஜினை நிறுத்திவிட்டு வின்ச் இழுக்கக் கூடாது என்பதும், ஒரு நிமிடம் இழுத்தால் சில நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்பதும் இதனால்தான். மோட்டார் ஆறுவதற்கும் அந்த ஓய்வு வேண்டும்.

மாற்றி மாட்டினால் என்ன ஆகும்?

12 வோல்ட் வின்ச்சை 24 வோல்ட் லாரியில் மாட்டினால் முதலில் மிக வேகமாகச் சுற்றும். வாடிக்கையாளர் மகிழ்ந்து போவார். பாரம் ஏறியதும் தாங்கக்கூடிய அளவைவிடப் பன்மடங்கு கரண்ட் பாய்ந்து கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர், காயில் எனக் கருகும். அதற்கு முன்பே சாலினாய்டின் காயில் எரிந்துவிடவும் கூடும்.

24 வோல்ட் வின்ச்சை 12 வோல்ட் ஜீப்பில் மாட்டினால் வெளிப்பார்வைக்கு ஆபத்தில்லாதது போலத் தோன்றும். மெதுவாகத்தானே சுற்றுகிறது என்பார்கள். உண்மையில் இதில் வேறொரு அபாயம் இருக்கிறது. போதிய வோல்ட் இல்லாத சாலினாய்டு உறுதியாகப் பிடிக்காமல் படபடவென்று அடிக்கும். அப்போது அதன் தொடுமுனைகளில் பொறி பறந்து, இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால் பட்டனை விட்டாலும் வின்ச் நிற்காது. இறுகிக்கொண்டே போகும் ரோப் எங்கே அறும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதிரே நிற்பவரின் உயிர் அந்த ரோப்பின் கையில் இருக்கிறது.

ஒரு பேட்டரியில் மட்டும் இணைக்கலாமா?

நம் பகுதியில் அடிக்கடி காதில் விழும் யோசனை இது. லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. கையில் 12 வோல்ட் வின்ச் இருக்கிறது. இரண்டில் ஒரு பேட்டரியில் மட்டும் எடுத்து இணைத்தால் என்ன?

வின்ச் ஓடும் என்பது உண்மை. மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. கெடுவது பேட்டரி. ஒரு பேட்டரி மட்டும் இறங்கி, மற்றது நிறைந்தே இருக்கும். ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் ஒரே ஜோடி. இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட் அளவில்தான் சார்ஜ் செய்யும். இறங்கிய பேட்டரி தன் பங்கைக் குறைவாகவே பெறும். நிறைந்திருந்த பேட்டரிக்கு அளவுக்கு மிஞ்சிப் போய் அதன் தண்ணீர் கொதித்து வற்றும். நாளடைவில் ஒன்று சார்ஜ் இல்லாமலும் மற்றது சார்ஜ் மிகுந்தும் இரண்டும் கெடும். வின்ச் வாங்கியபோது மிச்சம் பிடித்த பணம் இரண்டு லாரி பேட்டரிகளின் விலையில் போய்விடும். பேட்டரிக் கடைக்காரரிடம் வாரண்டி கேட்டுச் சண்டை வேறு.

24லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடலாமே என்றும் சிலர் கேட்பார்கள். டேப் ரிக்கார்டருக்கும் செல்போன் சார்ஜருக்கும் போடுகிற கன்வெர்ட்டர் சில பத்து ஆம்பியருக்கு உரியது. 400 ஆம்பியர் அதன் வழியே போகாது. 12 வோல்ட் வின்ச்சைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், அதற்கெனத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்து, அந்தப் பேட்டரியை மட்டும் கன்வெர்ட்டர் சார்ஜர் மூலம் ஏற்றிக்கொள்வது முறையான வழி. அந்தச் செலவைக் கணக்கிட்டால், முதலிலேயே 24 வோல்ட் வின்ச் வாங்குவதே மேல் என்பது விளங்கும்.

வண்டியின் வோல்ட்டைக் கண்டறியும் முறை

பேட்டரி இரண்டு இருந்தால் 24 என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இணைப்பைப் பார்க்க வேண்டும். ஒரு பேட்டரியின் பிளஸ் முனை மற்றதன் மைனஸ் முனைக்குப் போனால் அது தொடர் இணைப்பு, 24 வோல்ட். பிளஸ்ஸுடன் பிளஸ், மைனஸுடன் மைனஸ் சேர்ந்திருந்தால் அது பக்க இணைப்பு. இரண்டு பேட்டரி இருந்தும் 12 வோல்ட்தான்.

சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம். இன்ஜின் நின்றிருக்கும்போது, செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கேபிளுக்கும் சேசிஸுக்கும் இடையே 12.5 வோல்ட்டை ஒட்டி இருந்தால் 12 வோல்ட் வண்டி. 25ஐ ஒட்டி இருந்தால் 24 வோல்ட் வண்டி. இன்ஜின் ஓடும்போது முறையே 14, 28 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். ஹெட்லைட் பல்பின் அடியில் அச்சிட்ட வோல்ட்டும் ஒரு சாட்சி. இத்தனைக்கும் ஆகும் நேரம் ஐந்து நிமிடம்.

மின்சார வண்டிகள் இப்போது சரக்குப் போக்குவரத்திலும் வரத் தொடங்கிவிட்டன. அவற்றை ஓட்டும் பெரிய பேட்டரியில் வின்ச் இணைப்பது பற்றிப் பேசவே கூடாது. உயிர்க்கொல்லி வோல்ட் கொண்ட பேட்டரிகள் அவற்றில் உண்டு. விளக்குக்கும் ஹாரனுக்கும் வைத்திருக்கும் துணை பேட்டரியோ மிகச் சிறியது, வின்ச் பாரத்தைத் தாங்காது. வண்டித் தயாரிப்பாளரின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் அத்தகைய வண்டிக்கு வின்ச் விற்க வேண்டாம் என்பது நம் கருத்து.

12 வோல்ட் வண்டியை 24 ஆக்கலாமா?

24 வோல்ட்டின் லாபத்தைக் கேட்டுவிட்டு, ஜீப்பையே 24 ஆக்கிவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், பல்புகள், மீட்டர்கள் எல்லாம் மாற வேண்டும். இப்போதைய வண்டிகளில் இன்ஜினையே நடத்தும் கம்ப்யூட்டர் 12 வோல்ட்டுக்கு அமைந்தது. ஆகவே அது வேண்டாத வேலை. அந்தப் பணத்தில் பாதியைக் கீழ்க்கண்டவற்றில் செலவிட்டாலே 12 வோல்ட் வின்ச் நிறைவாக வேலை செய்யும்.

முதலாவது, பெரிய கேபிள். 35க்குப் பதில் 70 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் தடை பாதியாகும். முன்பு சொன்ன பின்பக்க வின்ச்சில் 2.4 வோல்ட் இழப்பு 1.2 ஆகக் குறையும். லக் பஞ்ச் செய்வதில் கஞ்சத்தனம் கூடாது. 400 ஆம்பியரில் தளர்ந்த ஒரு லக் போதும், அடுப்பு மாதிரி கனலும். மைனஸ் கேபிளையும் சேசிஸில் முடித்துவிடாமல் பேட்டரி வரை கொண்டு போவது நல்லது.

இரண்டாவது, கப்பி. வின்ச் ரோப்பை ஒரு கப்பியின் வழியே விட்டு வண்டிக்கே திருப்பி மாட்டினால், ரோப்பில் ஏறும் பாரம் ஏறத்தாழ பாதியாகும், கரண்ட்டும் அதற்கேற்பக் குறையும். வேகமும் பாதியாகும், ஆனால் சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க வேகம் எதற்கு? வின்ச்சுடன் ஒரு கப்பியையும் சேர்த்து விற்பது வாடிக்கையாளருக்கு நாம் செய்யும் நன்மை, நமக்கும் ஒரு விற்பனை.

மூன்றாவது, நல்ல பேட்டரியும் கட்-ஆப் சுவிட்சும். "12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்று அலட்சியம் செய்வோர் உண்டு. ஷாக் அடிக்காது என்பது சரி, ஆனால் தீப்பிடிக்கும். பம்பர் ஓரத்தில் உரசித் தோல் போன கேபிள் சேசிஸில் பட்டால், பேட்டரியின் முழு பலமும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். வின்ச் பயன்படாத நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் அவசியம்.

எத்தனை பவுண்டு வின்ச் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பாரத்துடன் வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. 2,500 கிலோ வண்டிக்கு 3,750 கிலோ வேண்டும். 8,000 பவுண்டு என்பது 3,629 கிலோ, போதாது. 9,000 பவுண்டு, அதாவது 4,082 கிலோ சரியாக வரும். பெட்டியில் எழுதியுள்ள அளவு, உருளையில் ரோப்பின் முதல் சுற்று மட்டும் இருக்கும்போது கிடைப்பது. மேல் சுற்றுகளில் இழுவை குறைந்துகொண்டே போகும்.

நாள் முழுவதும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டிய தொழிலுக்கு, 12 ஆனாலும் 24 ஆனாலும் எலக்ட்ரிக் வின்ச் ஏற்றதல்ல. கனரக மீட்பு வண்டிக்காரர்களுக்கு இன்ஜின் பலத்தில் ஓடும் ஹைட்ராலிக் வின்ச்சே பொருத்தம் என்று உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. ஒரு விற்பனை போகும், வாடிக்கையாளர் போக மாட்டார்.

சரக்கு வைப்போர் கவனத்திற்கு

ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் 12 வோல்ட் வின்ச்சும் 24 வோல்ட் வின்ச்சும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். கியர், உருளை, ரோப், அடித்தகடு ஆகியவை பெரும்பாலும் பொதுவானவை. மாறுவது மோட்டாரும் சாலினாய்டு பெட்டியும்தான். மொத்த வியாபாரிகள் கொள்முதல் செய்யும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். ஜீப், சிறு வண்டி வாடிக்கை மிகுந்த கடைக்கு 12 வோல்ட்டே ஓடும் சரக்கு. லாரி வாடிக்கை மிகுந்த கடைக்கு 24ம் வேண்டும். இரண்டிலும் முழு வின்ச்சாக முதலை முடக்குவதைவிட, இரு வோல்ட்டிலும் உதிரி மோட்டாரும் சாலினாய்டும் கைவசம் வைப்பது சிக்கனம். தவறிப்போய் வோல்ட் மாறிய வின்ச் திரும்பி வந்தாலும், எரிவதற்கு முன் வந்துவிட்டால், இவ்விரண்டையும் சேர்த்து மாற்றிக் கொடுத்துவிடலாம். ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது.

கிட்டங்கியில் இரண்டு வகையையும் தனித்தனி அடுக்கில் வையுங்கள். அட்டைப் பெட்டியின் நான்கு பக்கமும் தெரியும்படி பெரிய எழுத்தில் 12 அல்லது 24 என்று எழுதி ஒட்டுங்கள். கடைப் பையன் அவசரத்தில் கையில் கிடைத்ததை எடுத்து வருவான். அவன் மீது குற்றமில்லை.

சட்டம் சொல்வது

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் ஏற்படும் தீங்குக்குப் பொறுப்பு பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறது. அதன் 86வது பிரிவின்படி, தயாரிப்பாளர் அல்லாத விற்பனையாளரும் சில நிலைகளில் பொறுப்பாளி ஆவார். தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையையும் பயன்படுத்தும் முறையையும் வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விடுவது அவற்றில் ஒன்று. பொருளை நாமே மாற்றியமைத்து, அந்த மாற்றத்தால் தீங்கு நேர்வது இன்னொன்று. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளை விற்பது மற்றொன்று. பெயர் விலாசம் இல்லாத இறக்குமதி வின்ச்சை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி அடுக்குபவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. சுயதொழில் மூலம் தம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரை அதே சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. சொந்த வண்டியைத் தாமே ஓட்டிப் பிழைப்பவர் அந்த வகையில் வருவார்.

வின்ச் பொருத்தும் விதத்திலும் எச்சரிக்கை தேவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. முன்பக்க இரும்புக் கிராஷ் கார்டுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே முன் பம்பரில் பொருத்தும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் விசாரித்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

பில் போடும் முன் கேட்க வேண்டியவை

1. எந்த வண்டி? பேட்டரி ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால் இணைப்பு எப்படி? மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?

2. பாரத்துடன் வண்டி எடை எவ்வளவு? அதில் ஒன்றரை மடங்கு எவ்வளவு?

3. வின்ச் முன்பக்கமா, பின்பக்கமா? பேட்டரியிலிருந்து எத்தனை மீட்டர்? அதற்கேற்ற கேபிள் எது?

4. எப்போதாவது பயன்படுமா, தினமுமா? பேட்டரி, ஆல்டர்னேட்டர் அதற்குத் தாங்குமா?

5. யார் பொருத்துகிறார்கள்? அவருக்கு இந்த வேலை பழக்கமா?

பதில்களைக் கேட்டுக்கொண்டால் மட்டும் போதாது. பில்லில் "12 வோல்ட் வண்டிக்கு" அல்லது "24 வோல்ட் வண்டிக்கு" என்று எழுதி, வண்டியின் வகையையும் குறித்து, வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். தயாரிப்பாளரின் குறிப்புப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், முக்கியமான நான்கு வரிகளைத் தமிழில் எழுதி நகல் எடுத்துக் கொடுங்கள். வாடிக்கையாளர் வேறு வண்டியில் மாட்டி எரித்துக்கொண்டு வந்து நின்றால், அந்தப் பில் நம் பக்கம் பேசும். நாமே தவறான வோல்ட்டைக் கொடுத்திருந்தால், அந்தப் பில் வாடிக்கையாளர் பக்கம் பேசும். அதுவும் நியாயமே.

வண்டி எத்தனை வோல்ட்டோ வின்ச்சும் அத்தனை வோல்ட் என்பதுதான் இத்தனை பக்கத்தின் சாரம். அதற்குமேல் வரும் பெருமை சிறுமைகள் எல்லாம் கேபிளையும் பேட்டரியையும் கப்பியையும் பொறுத்தவை. இதைத் தெரிந்த கடைக்காரர் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பேசுவார். அந்த ஐந்து நிமிடத்தில், ஏதோ ஒரு மலைப்பாதையிலோ மழைக்காலச் சேற்றிலோ, பட்டனை அழுத்தும் ஒரு டிரைவரின் கையும் உயிரும் காப்பாற்றப்படுகின்றன. இச்சரக்கைக் கையாளும் உறுப்பினர்கள் மேற்கண்ட ஐந்து கேள்விகளை ஓர் அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு அருகில் மாட்டி வைக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.